குனிந்து நுழையும் வாசல்

எருசலேமுக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குள், சுண்ணாம்புக்கல் குன்றுகளின் மீது அமைந்திருக்கும் பெத்லகேமிலே, கிறிஸ்து பிறந்த ஸ்தலம் என்று பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாக வணங்கப்பட்டு வரும் ஆலயத்தின் முன்னே போய் நிற்கிற யாத்திரிகன் முதலில் ஏமாந்துதான் போகிறான். கோட்டை மதிலைப் போல் ஓங்கி நிற்கும் கற்சுவர். அந்தச் சுவரின் அடியில், வாசல் என்று சொல்லவே தயக்கம் உண்டாக்கும் ஒரு சிறு துவாரம். அதன் உயரம் ஏறக்குறைய நாலு அடி. அரசராயினும் அத்தியட்சராயினும், அங்கே வந்தவர் இடுப்பை வளைத்துத் தலையைத் தாழ்த்தி, தமக்கு முன்னே போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைய வேண்டியதுதான். சின்னஞ்சிறு பிள்ளைகள் மாத்திரம் நிமிர்ந்த தலையோடு உள்ளே ஓடிவிடுகிறார்கள்.

அந்தச் சுவரை நிதானமாக உற்று நோக்குகிறவனுக்கு ஒரு சரித்திரமே புலப்படும். ஆறாம் நூற்றாண்டிலே ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் காலத்து ஆலயத்துக்கு அமைந்த பெரிய வாசலின் மேல்விட்டக் கல் இன்னும் உயரத்தில் தெரிகிறது; அதற்குக் கீழே, சிலுவைப்போர் வீரர்கள் அதைச் சிறிதாக்கி அமைத்த கூர்வளைவின் தடம்; அதற்கும் கீழே, பிற்காலத்தில் கல் வைத்து அடைத்து மிச்சம் விட்ட இந்தத் துவாரம். குதிரையேறி வருகிற கொள்ளைக்காரர்கள் வாகனத்தோடு உள்ளே புகுந்துவிடாதபடி இப்படிக் குறுக்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். 'தாழ்மையின் வாசல்' என்று இன்று அதற்குப் பக்தி மணக்கும் பெயர் வழங்கினாலும், தாழ்மையைப் போதிக்க வேண்டும் என்று நினைத்து யாரும் அதைக் கட்டவில்லை. கள்ளர் பயத்தினால் கட்டினார்கள். ஆயினும், கொத்தனார்கள் அறியாமலே செய்துவைத்த அந்த வேலை, கிறிஸ்துமஸ் பண்டிகையின் உட்பொருளை எந்தப் பிரசங்கியாரும் சொல்லாத தெளிவோடு சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால், கிறிஸ்தவ விசுவாசப்படி டிசம்பர் 25 ஒரு மகானுடைய ஜயந்தி அன்று. மகான்கள் நம்மைப் போலவே பிறந்து, தவத்தாலும் தொண்டாலும் உயர்கிறார்கள். அந்த ஏற்றத்தை நினைத்து நாம் விழா எடுக்கிறோம். கிறிஸ்துமஸிலே கொண்டாடப்படுவதோ ஓர் இறக்கம். ஆதியும் அந்தமும் இல்லாத பரம்பொருள், தாம் சிருஷ்டித்த உலகத்துக்குள், தாம் சிருஷ்டித்த ஒரு கன்னியின் உதரத்தில் ஒடுங்கியிருந்து, பசித்தால் அழுவதைத் தவிர வேறு பாஷை அறியாத சிசுவாக ஓரிரவு வெளிப்பட்டார் என்பதே அந்த விசுவாசத்தின் சாரம். பவுல் அப்போஸ்தலர் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் இதைத் தேவன் தம்மை வெறுமையாக்கிக்கொண்ட செயலாகக் கண்டு, அந்தத் தாழ்மை சிலுவை மரணம் வரையில் சென்றதென்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார். குனிதல் முதலில் தேவனுடைய காரியம். மனிதன் குனிவது அதற்குப் பதில் மரியாதை.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் முன்னோர் இந்த ரகசியத்துக்கு 'மனுஷாவதாரம்' என்று பெயர் வைத்தார்கள். அவதாரம் என்ற சொல்லை அவர்கள் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். இறைவன் எட்டாத உயரத்தை விட்டு அடியவனுக்கு எளியவனாக வருவதைச் 'சௌலப்யம்' என்று கொண்டாடி உருகியது வைஷ்ணவ மரபு; கண்ணனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டிய பெரியாழ்வாரையும், மீனாட்சியம்மையைச் சின்னஞ்சிறு பெண்ணாக்கிக் கொஞ்சிய குமரகுருபரரையும் பெற்ற நாட்டுக்கு, கடவுளைக் குழந்தையாக எண்ணுவது புதுமையே இல்லை. கிறிஸ்தவர்கள் வேறுபடுகிற இடம் வேறு. அவர்களுடைய சாஸ்திரத்தில் இந்த இறக்கம் சரித்திரத்தில் ஒரே தரம் நிகழ்ந்தது. எடுத்த உடலை வேலை முடிந்ததும் களைந்துவிட்டுப் போகும் வழக்கம் அங்கே இல்லை. குழந்தையின் இயலாமையும் லீலையாக எண்ணப்படுவதில்லை. ஏரோதின் வாளுக்குத் தப்புவதற்காக அந்தக் குழந்தையை இராத்திரியோடு இராத்திரியாக எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடியவர் ஒரு தச்சர். நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு வார்த்தையாவது பேசியதாக எழுதப்படாதவர். அந்தப் பேசாத தச்சரைக் காவிய நாயகராக்கி, வளன் என்று அழகான தமிழ்ப் பெயரும் சூட்டி, 3615 விருத்தங்களில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், பெத்லகேமின் போக்கை நன்றாகப் புரிந்துகொண்டவர் என்றே சொல்ல வேண்டும்.

கடவுள் உண்மையாகவே குனிந்தாரா என்ற கேள்வி கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சண்டை மூட்டியதுண்டு. நான்காம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவின் குருவாகிய ஆரியுஸ், பிதாவின் மகத்துவத்துக்குப் பங்கம் வரலாகாது என்ற பக்திமிகுதியால், இறங்கி வந்த குமாரன் சிருஷ்டிக்கப்பட்டவர்களில் தலையாயவரே, முழுமுதற் கடவுள் அல்லர் என்று போதித்தார். ராஜா தாமே வரவில்லை, மந்திரியை அனுப்பினார் என்பது போன்ற இந்தப் போதனை, மேலோட்டமாகப் பார்த்தால் மரியாதையாகத்தான் தோன்றும். 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய சங்கம் அதை மறுத்தது. அந்தத் தீர்மானத்தைக் காப்பதற்காக ஐந்து தரம் நாடு கடத்தப்பட்ட அத்தனாசியுஸ், கடவுள் மனிதரானதன் நோக்கமே மனிதன் தெய்வீக வாழ்வில் பங்கு பெறுவதுதான் என்று வாதாடினார். வந்தவர் மந்திரியானால் நமக்குக் கிடைப்பது உத்தரவு, ராஜாவேயானால் உறவு. கிறிஸ்துமஸ் என்ற பண்டிகை முழுவதும் இந்த வித்தியாசத்தின் மேல் நிற்கிறது.

தேதியைப் பற்றிய விவாதம் வருஷந்தோறும் தவறாமல் எழுவதால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சுவிசேஷங்கள் நாளையோ மாதத்தையோ சொல்லவில்லை. ரோமாபுரியில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கத்தில் டிசம்பர் 25 குறிக்கப்பட்டிருக்கிறது. 386இல் அந்தியோகியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம், இந்தப் பண்டிகை தங்கள் ஊருக்கு வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை என்கிறார். சூரிய தேவனுடைய விழா நாளைத் தழுவியது என்பார் சிலர். மார்ச் 25 கருத்தரித்த நாள் என்று கொண்டு ஒன்பது மாதம் கணக்கிட்டது என்பார் சிலர். இரண்டுக்கும் நியாயம் உண்டு; பண்டிகையின் பொருளுக்கு இரண்டாலும் குறைவில்லை.

பொருள் பொதிந்து கிடப்பது தேதியைக் காட்டிலும் இடத்தில்தான். பெத்லகேமின் தென்கிழக்கே, கூம்பு வடிவத்தில் தனித்து நிற்கும் ஒரு மலை அந்தச் சுற்று வட்டாரம் முழுவதற்கும் தெரியும். அது பாதி மலை, பாதி மனித வேலை. ஏரோது ராஜா உச்சியிலே கோட்டையும் அரண்மனையும் கட்டி, மலையின் சரிவுகளிலே மண்ணைக் கொண்டுவந்து கொட்டி உயர்த்தி, அதற்குத் தன் பெயரையே வைத்தான். கடைசியில் அங்கேதான் அடக்கம் பண்ணப்பட்டான் என்று ஜோசீபஸ் எழுதி வைத்திருக்கிறார். தன்னை உயர்த்திக்கொள்வதற்காக ஒருவன் மலையையே உயர்த்திய காலத்தில், அந்த மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கால்நடைகளின் இடத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அகுஸ்துராயன் உலகத்தைக் குடிமதிப்பு எழுதுகிறான், ஏரோது கோட்டையில் இருக்கிறான், சத்திரத்தில் இடம் இல்லை. தூதர்கள் செய்தி கொண்டுபோன விலாசமோ வயல்வெளியில் இராவிழித்துக் கிடந்த இடையர்களுடையது. லூக்கா இதையெல்லாம் எந்த ஆரவாரமும் இல்லாமல், வீட்டுக் கணக்கு எழுதுகிற தோரணையில் சொல்லிக்கொண்டு போகிறார்.

அந்தக் குழந்தையைக் கிடத்திய இடத்துக்குத் தமிழ் வேதாகமம் 'முன்னணை' என்ற பழஞ்சொல்லை வழங்குகிறது. இன்றைய பிள்ளைகள் பலர் அதை ஏதோ பரிசுத்தமான கட்டில் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்; பாட்டிலும் பிரசங்கத்திலும் மட்டுமே கேட்ட சொல்லாகையால் அப்படித் தோன்றுவது இயல்பு. மாட்டின் முகத்துக்கு முன்னே வைக்கோல் போடுகிற இடம், அவ்வளவுதான். எச்சில் படிந்து, நாக்கு நக்கி நக்கி விளிம்பு மழுங்கிப்போன இடம். சுவிசேஷத்தில் கொட்டிலும் இல்லை, எருதும் இல்லை, கழுதையும் இல்லை. முன்னணை ஒன்றுதான் இருக்கிறது. எருதும் கழுதையும் ஏசாயாவின் புத்தகத்திலிருந்து பிற்காலத்தார் ஓட்டிக்கொண்டு வந்து கட்டியவை. குகை என்ற செய்தி இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற வேதசாட்சியின் எழுத்தில் காணப்படுகிறது; 339இல் அபிஷேகம் செய்யப்பட்ட முதல் ஆலயமும் அந்தக் குகையின் மேல்தான் எழுந்தது.

இங்கே புனித ஜெரோமைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ரோமாபுரியின் பெரிய மனிதர் சகவாசத்தை உதறிவிட்டு, 386இல் பெத்லகேமுக்கு வந்து சேர்ந்து, 420இல் இறக்கும் வரையில் அங்கேயே தங்கி, வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்துத் தந்த அந்த முன்கோபக்காரப் பண்டிதர், கிறிஸ்துமஸ் நாளில் செய்த பிரசங்கம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு வருத்தம். குகையிலிருந்த பழைய மண் முன்னணையை எடுத்துவிட்டு, கிறிஸ்துவுக்குக் கௌரவம் என்று வெள்ளியில் ஒன்று செய்து வைத்துவிட்டார்களாம். வைத்தவர்களின் பக்தியை அவர் பழிக்கவில்லை. ஆனால் எடுத்தெறிந்துவிட்ட அந்த மண்தான் தமக்கு அருமையானது, அதைக் காணக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஏங்குகிறார். ஆண்டவர் பொன்னிலும் வெள்ளியிலும் பிறக்கவில்லை, மண்ணிலே பிறந்தார் என்பது அவர் வாதம். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்திய இந்த வருத்தத்தை நினைக்கும்போது, கிறிஸ்துமஸ் வியாபாரமாகிவிட்டது என்று நாம் இன்று புலம்புவது எவ்வளவு பழைய பல்லவி என்பது தெரிகிறது. மண்ணை எடுத்துவிட்டு வெள்ளியை வைக்கிற காரியம் பண்டிகை பிறந்த அந்தத் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது.

மண்ணை மறுபடியும் தேடிக் கொண்டுவந்தவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு, இத்தாலியில் ரியேத்திப் பள்ளத்தாக்கின் ஓரத்திலே மலைச்சரிவில் உள்ள கிரெச்சோ என்ற ஊரில், யோவான் என்ற தம் அன்பரை அழைத்து, அந்தக் குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணாலேயே காண வேண்டும், வைக்கோலும் எருதும் கழுதையும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கிறிஸ்துமஸ் இரவில் ஊர் ஜனங்கள் தீவட்டி பிடித்து மலையேறி வந்தார்கள். முன்னணையின் மேலேயே பூசை நடந்தது. குருப்பட்டம் பெறாமல் தியாக்கோனாகவே இருந்த பிரான்சிஸ் சுவிசேஷத்தைப் பாடினார். 'பெத்லகேம்' என்று உச்சரிக்கும்போதெல்லாம் அவர் குரல் ஆட்டுக்குட்டி கத்துவது போல் குழைந்தது என்று, அவருடைய சரித்திரத்தைச் சில வருஷங்களுக்குள் எழுதிய செலானோ ஊர்த் தோமாஸ் சொல்லுகிறார். முன்னணையில் இருந்த வைக்கோலைப் பின்னர் பத்திரப்படுத்தி, நோய் கண்ட கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். மாட்டினிடம் வாங்கிய கடனை மாட்டுக்கே திருப்பியது போல் இருக்கிறது எனக்கு.

முன்னணையின் மேல் பூசை என்பதில் ஆழ்ந்த அர்த்தம் உண்டு. பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த ஊரில், தீனி வைக்கிற இடத்தில், தம்மையே ஜீவ அப்பம் என்று பிற்பாடு சொல்லப் போகிறவரைக் கிடத்தினார்கள். பிறப்பிலேயே அவர் உணவாக வைக்கப்பட்டார் என்று கண்ட பழைய ஆசாரியர்கள், கிறிஸ்துமஸ் இரவையும் நற்கருணைப் பந்தியையும் பிரிக்க முடியாதபடி சேர்த்துப் பின்னிவிட்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் அன்று ஒரு பூசை அன்று, மூன்று: நடுநிசியில் ஒன்று, விடியலில் ஒன்று, பகலில் ஒன்று. நடுநிசியில் வாசிப்பது லூக்காவின் முன்னணைக் கதை. பகலில் வாசிப்பதோ யோவானின் சுவிசேஷத் தொடக்கம். அதில் தாயும் இல்லை, இடையர்களும் இல்லை, வைக்கோல் ஒரு துரும்புகூட இல்லை. ஆதியிலே இருந்த வார்த்தை, சகலமும் அதன் மூலமாய் உண்டானது, அது மாம்சமானது என்ற மகா வாக்கியங்களே ஒலிக்கின்றன. இருட்டில் துணியில் சுற்றிய பிள்ளையைக் காட்டிவிட்டு, வெளிச்சம் வந்தபின் அந்தப் பிள்ளை யாரென்று சொல்கிற இந்த முறையை ஏற்படுத்தியவர்களின் நுட்பம் வியக்கத்தக்கது. இன்னொன்றும் உண்டு. விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, அவர் மனிதரானார் என்னும் பகுதி வருகையில் மற்ற ஞாயிறுகளில் சபையார் தலை வணங்குவார்கள். கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் முழந்தாளில் விழுகிறார்கள். வேகமாக ஒப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஜெபம் அங்கே சட்டென்று நின்று, பெஞ்சுகளின் சத்தமும் சேலைகளின் சரசரப்பும் அடங்கி, ஒரு கணம் மௌனமாகும்.

இந்தப் பண்டிகையை வெறும் இனிப்பாக நினைக்கிறவர்கள் மறுநாள் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். டிசம்பர் 26 கல்லால் எறிந்து கொல்லப்பட்ட முதல் வேதசாட்சியாகிய ஸ்தேவானுடைய நாள். கிரேக்கப் பெயரின் பொருளைக் கொண்டு முடியப்பர் என்று தமிழாக்கிக்கொண்டார்களே, அவர். 28 ஏரோது வெட்டுவித்த மாசில்லாக் குழந்தைகளின் நாள். ஞானிகள் கொண்டுவந்த காணிக்கையிலும் பொன்னோடும் தூபவர்க்கத்தோடும் பிணத்துக்கு இடுகிற வெள்ளைப்போளம் இருந்தது. குனிந்து வருகிறவரை உலகம் எப்படி நடத்தும் என்பதைத் திருச்சபை நான்கு நாளுக்குள் சொல்லிவிடுகிறது.

குனிய மறுத்த கதைகளும் பெத்லகேம் ஆலயத்துக்குள்ளேயே உண்டு. குகையின் தரையில், பிறந்த இடத்தைக் குறித்துப் பதித்த பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம் 1847இல் காணாமற்போய், 1853இல் துருக்கிய அரசாங்கம் வேறொன்றைப் பதிப்பிக்க நேர்ந்தது; புனித ஸ்தலங்களின் உரிமையைப் பற்றிய இத்தகைய பிணக்குகள் கிரிமியா யுத்தத்தை மூட்டிய காரணங்களில் ஒன்றாயின. கிரேக்கரும் லத்தீனரும் ஆர்மேனியரும் இன்றும் அந்த ஆலயத்தை அங்குலம் அங்குலமாகப் பங்கிட்டுக்கொண்டு, டிசம்பர் 25, ஜனவரி 7, ஜனவரி 19 என்று மூன்று தரம் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். 2011 டிசம்பரில், பண்டிகைக் காலத்துக்காக ஆலயத்தைக் கூட்டும்போது, யாருடைய எல்லையை யார் கூட்டுவது என்று கிரேக்கத் துறவிகளும் ஆர்மேனியத் துறவிகளும் துடைப்பங்களால் அடித்துக்கொண்டார்கள். போலீசார் வந்து விலக்க வேண்டியதாயிற்று. அவர்கள் எல்லாரும் அந்த நாலடி வாசல் வழியாகக் குனிந்து வந்தவர்கள்தாம்.

நான் பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் ஊர்க் கோவிலில் குடில் கட்டுவது உபதேசியாருடைய பொறுப்பு. டிசம்பர் பாதியிலேயே தட்டுகளில் கேழ்வரகு விதைத்து இருட்டறையில் வைத்துவிடுவார். பண்டிகைக்குள் அது வெளிறிய பச்சையில் மயிர்போல் எழும்பி, குடிலைச் சுற்றிப் புல்வெளியாகும். பனையோலைக் கூரை, காகிதமலை, கண்ணாடித் துண்டில் ஒரு குளம். நடுவில் வைக்கோல் பரப்பிய வெற்று முன்னணை. இராப் பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடிக்கும்போது, சாமியார் வெள்ளைத் துணி போர்த்திய பாலன் சுரூபத்தைக் கையில் ஏந்தி வந்து, தரையோடு மண்டியிட்டு அதில் கிடத்துவார். பூசை முடிந்ததும் முத்தி செய்வதற்கு வரிசை நிற்கும். எத்தனையோ வருஷத்து முத்தங்களில் அந்தச் சுரூபத்தின் வலது பெருவிரலில் வர்ணம் தேய்ந்து உள்ளிருந்த வெண்சாந்து தெரியும். குடில் தரையில் இருந்தபடியால் எல்லாரும் மண்டியிட்டுக் குனிந்துதான் முத்தி செய்ய வேண்டும். முழங்கால் மடங்காத கிழவிகள் இரண்டு மூன்று பேர் சுவரோரமாக நிற்பார்கள்; வரிசை முடிந்தபின் உபதேசியார் பாலனைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போவார்.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து குடிலைக் கலைக்கும்போது, முளைவிட்ட கேழ்வரகுக்குப் பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும். வைக்கோலுக்குப் போட்டி இல்லை. அதைக் கொடுத்திருந்த வீட்டுக்காரம்மா சாக்கோடு வந்து, பாலன் கிடந்த வைக்கோல் ஒரு துரும்பும் சிந்தாமல் அள்ளிக் கட்டிக்கொண்டுபோய், ஈற்றுக்கு இருந்த தன் பசுவுக்குப் போட்டாள்.